பொல்லாத அட்டை

வங்காலைக் கரையில் அட்டை என்றால் ஒன்றுதான். கடலடியில் மணலோடு மணலாய்க் கிடக்கும். கண் இல்லை, கால் இல்லை. கையால் எடுத்தால் தண்ணீரைப் பீச்சிவிட்டு இறுகிக்கொள்ளும். குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, சுரண்டி, காயவைத்துக் கொழும்புக்கு ஏற்றினால் அங்கிருந்து எந்தத் தேசத்துச் சட்டிக்கோ போகும். கடலட்டை என்று முழுப்பெயர் சொல்பவர்கள் அரசாங்கக் கந்தோர்க்காரரும் பேப்பர்காரரும்தான். கரையில் பிறந்த பிள்ளைக்கு அது வெறும் அட்டை. அட்டைக்குப் போனவன் என்றால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினவன். அட்டையில் அடிபட்டவன் என்றால் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, இரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்து, கடைசியில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவன்.

றொசாந்தன் அட்டையில் அடிபட்டவன். அவன் மனைவி பிரேமிளா பாலர் பாடசாலை ரீச்சர். அவனைப் பற்றி அவள் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதினாள். கொழும்பில் சிறுவர் புத்தகம் போடுகிற ஒரு நிறுவனம், ஊர்க்கதைகளை ஊர்க்காரரே எழுதவேண்டும் என்று கேட்டு, எழுதியதை வாங்கிக்கொண்டு போனது. எழுதும்போது அவளும் வெறும் அட்டை என்றுதான் எழுதினாள். அங்கேதான் பிசகியது.

மற்ற யாருக்கும் தெரியாமல் போயிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் நறுவிலிக்குளத்துப் பிள்ளை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு, தேயிலை மலையைவிட்டு வந்து அங்கே குந்திய சனத்தின் பிள்ளை. அந்த வீட்டில் அட்டை என்றால் மழைக்காலத்தில் தேயிலைக்குள் காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டை. கல்யாணம் முடித்து வங்காலைக்கு வந்த புதிதில் றொசாந்தனின் ஆட்கள் அவள் காதுபடவே தோட்டக்காட்டாள் என்றார்கள். அந்தப் பேச்சைக் கழுவிப்போடவே அவள் கரையின் ஒவ்வொரு சொல்லையும் வாயில் ஏற்றினாள். ஏற்றிய வேகத்தில் பழைய அட்டை அடியோடு மறந்துபோனது.

மார்கழி மழை விட்டு வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் பார்சல் வந்தது. மகள் ஜெசிக்காதான் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தாள். மேலே கிடந்த புத்தகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தாயிடம் நீட்டினாள்.

"அம்மா, இது என்னது?"

நீலக் கடல். நடுவில் ஒரு மனிதனின் கால். காலில் கறுத்துக் கொழுத்த ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வட்டவாய், வாய் நிறையப் பல், கோபம் காட்ட இரண்டு புருவம். வாயோரத்தில் சிவப்புத் துளி. மேலே மஞ்சள் எழுத்தில், 'பொல்லாத அட்டை'. கீழே, 'கதை: பிரேமிளா றொசாந்தன்'.

றொசாந்தன் வாசலில் கதிரையில் இருந்தபடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வலை பொத்துகிறவன் காலின் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வான். இவன் விரல் பிடிக்காது. அதனால் கதிரைக் காலில் கட்டி, அதை இழுத்து இழுத்துப் பொத்துவான். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினான். பார்த்தான்.

"இது உன்ர அப்பாட அட்டையெல்லோ," என்றான் பிரேமிளாவிடம். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வாசித்தான். வாசித்து முடித்து மூடி, வலைக்குமேல் போட்டுவிட்டு மறுபடி ஊசியை எடுத்தான்.

பிரேமிளா எழுதியது இதுவல்ல. அவள் வைத்த பெயர் 'இன்னுமொருக்கா'. ஊஞ்சலில் இருக்கிற பிள்ளை, தள்ளுகிறவரைப் பார்த்து இன்னுமொருக்கா, இன்னுமொருக்கா என்று கெஞ்சுமே, அந்தச் சொல். கதையில் அந்தச் சொல்லைச் சொல்கிறவர் படகுக்காரச் சம்மாட்டி. அப்பா இறங்குவார், கூடை நிறைய அட்டையோடு ஏறுவார். சம்மாட்டி "இன்னுமொருக்கா" என்பார். அப்பா இறங்குவார், அரைக்கூடையோடு ஏறுவார். "இன்னுமொருக்கா." காது வலிக்கிறது, கால் கனக்கிறது என்பார் அப்பா. "இன்னுமொருக்கா ராசா, இதோட காணும்." கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. 'அப்பா ஏறி வந்தார். அவருடைய கால்கள் ஏறி வரவில்லை.' ஜெசிக்காவுக்கு அந்தக் கதை மனப்பாடம். இன்னுமொருக்கா வருகிற இடமெல்லாம் தாயோடு சேர்ந்து சொல்லுவாள்.

அச்சில் வந்த புத்தகத்தில் சம்மாட்டியே இல்லை. இன்னுமொருக்காவும் இல்லை. 'ஒருநாள் கடலில் ஒரு பொல்லாத அட்டை இருந்தது. அது அப்பாவின் காலைக் கடித்து இரத்தத்தைக் குடித்தது. அப்பாவால் நடக்க முடியவில்லை. ஆனாலும் அனைவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர். நாமும் கடலில் கவனமாக இருப்போம்!'

பிரேமிளா அந்த நேரமே கொழும்புக்குப் போன் எடுத்தாள். புத்தகத்தைச் செம்மைப்படுத்தின சுதர்ஷினி என்ற பிள்ளை மிகவும் பணிவாகப் பேசினாள். புத்தகம் வடிவாய் வந்திருக்கிறது, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றாள். மாற்றின பிரதியைத் தான் வட்ஸ்அப்பில் அனுப்பியதாகவும், அக்கா அதற்குக் கும்பிடுகிற கைப்படம் போட்டதாகவும் சொன்னாள். அது உண்மை. அன்றைக்குப் பிரேமிளா தகப்பனோடு வயலில் நின்றாள். போனில் டேற்றா முடிகிற தறுவாய், கோப்பு திறக்கவில்லை. நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"சம்மாட்டிய ஏன் எடுத்தனீங்கள்?"

"அக்கா, சின்னப் பிள்ளையளின்ர கதையில கெட்டவர் ஒரு மனிசரா வரக்கூடாது. எங்கட கைநூல்லயே இருக்கு. பிள்ளையள் பெரியாக்களைப் பார்த்துப் பயப்பிடத் தொடங்கிடுவினம். மிருகமா இருந்தாப் பிரச்சினையில்லை. உங்கட கதையில அட்டை ஏற்கெனவே இருந்ததுதானே."

"அந்த அட்டை கடிக்காது தங்கச்சி. ஆரையும் ஒண்டும் செய்யாது. நீங்கள் போட்டிருக்கிறது வேற அட்டை."

மறுமுனையில் சுதர்ஷினி தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, படம் கீறுகிற பெடியன் கவனமான ஆள், சந்தேகம் வந்து அக்காவின் வீட்டுக்கே போன் எடுத்துக் கேட்டுத்தான் கீறினவன் என்றாள். அக்காவின் போன் கிடைக்காததால் இரண்டாவதாகக் கொடுத்திருந்த இலக்கத்துக்கு எடுத்தானாம். அக்காவின் அப்பா விளக்கமாகச் சொன்னாராம். இனி மாற்றுவதற்கு இல்லை, அச்சடித்து முடிந்தது, வருகிற ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பங்கு மண்டபத்தில் வெளியீடு, ஊரில் ஒரு பெரியவர் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பெடுத்திருக்கிறார்.

"ஆர் அந்தப் பெரியவர்?"

"பேதுரு ஐயா எண்டு. உங்கட சொந்தமாமே அக்கா. புத்தகத்தை அனுப்பினனான், வாசிச்சிட்டு நல்ல சந்தோசப்பட்டவர்."

பிரேமிளா போனை வைத்துவிட்டாள். சந்தோசப்படாமல் என்ன செய்வார்? பேதுருதான் றொசாந்தனின் சம்மாட்டி. அவனுடைய தாய்க்குக் கூடப்பிறந்தவர். இன்னுமொருக்கா என்று சொன்ன வாய் அவருடையது.

மறுநாள் சனிக்கிழமை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களில் புல்லுப் பிடுங்குகிற காலம். பிரேமிளா விடியவே சைக்கிளில் வெளிக்கிட்டாள். வாடைக்காற்று எதிரே நின்று சைக்கிளைத் தள்ளியது. வரம்பில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகி இறங்கும்போது தகப்பன் சின்னராசா பாத்தியின் நடுவில் குனிந்தபடி நின்றார். காலைத் தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. சேற்றில் காலைப் பதித்தால் உருவி எடுக்கவே ஒரு பலம் வேண்டும். நெல்லுக்கும் கோரைக்கும் இடையில் விரலை விட்டு, கோரையின் கிழங்கோடு பிடித்து இழுத்து, சேற்றை அலசி, வரம்பில் எறிய வேண்டும். மேலால் பிடுங்கினால் மறுகிழமை மறுபடி முளைத்து நிற்கும். தகப்பனுக்குப் பக்கத்து வரிசையில் அவளும் குனிந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பிடுங்கினார்கள். அவள் பிடுங்கிய வேகத்தில் நெல்லும் சேர்ந்து வந்தது.

"என்னா புள்ள, நெல்லப் புடுங்குற?"

"படம் கீறுற பெடியன் ஒருத்தன் உங்களுக்குப் போன் எடுத்தவனோ?"

சின்னராசா நிமிர்ந்தார். முகம் மலர்ந்துபோனது. "ஆமா புள்ள. ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன். நல்ல மரியாதக்காரத் தம்பி. அட்டையப் பத்திச் சொல்லுங்க ஐயான்னான். விடுவேனா? மழ விட்ட ஒடனே புல்லு நுனியில நூலு மாதிரி எந்திரிச்சு நிக்கும், மனுச வாட பட்டா ஆடும்னு சொன்னேன். கடிக்கிறது தெரியாது, குடிச்சுப் பெருத்து விழுந்தப்பறம்தான் ரத்தம் ஓடுறது தெரியும்னேன். எங்கம்மா கால் முழுக்கச் சவுக்காரம் பூசிக்கிட்டு மலைக்குப் போவும்னு சொன்னேன். உப்பு வச்சா சுருண்டு செத்துரும்னுகூட சொன்னேன். எல்லாத்தயும் எழுதிக்கிட்டான்."

"உப்பு வைச்சாச் சாகிறது உப்புக் கடலுக்குள்ள எப்பிடியப்பா நீந்தும்?"

சின்னராசாவுக்கு விளங்கவில்லை. அவள் பையில் இருந்து புத்தகத்தை எடுத்து, சேறு படாமல் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தார். நீலத்தைப் பார்த்தார்.

"இது கடலா?"

"கடல்தான். இவரின்ர கதை. அட்டைக்குப் போன கதை."

"நீ அப்பா கதன்னுதானே சொன்ன?"

"ஜெசிக்காட அப்பா. ஜெசிக்கா சொல்லுற மாதிரித்தான் கதை."

சின்னராசா கையில் இருந்த கோரையை வரம்பில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். சேற்றுத் தண்ணீர் முழங்கை வழியே ஒழுகியது.

"அப்பா கதன்னா என் கதன்னு நெனச்சேன் புள்ள," என்றார். "இந்த ஊருக்கு வந்து இத்தன வருசத்துல எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. ஒரு தம்பி கேட்டான். சொன்னேன்."

வயல் முழுக்கக் கேட்கிற மாதிரித் தகப்பனைப் பேசிவிட்டுப் போகவேண்டும் என்று வந்தவள் அவள். சைக்கிள் மிதித்த வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். அடுக்கியதையெல்லாம் விட்டுவிட்டு, குனிந்து கோரையைப் பிடித்து இழுத்தாள். பத்து மணிக்கு வரம்பில் குந்தி ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றார்கள். சின்னராசா போத்தலில் இருந்து சாயத் தேநீரை மூடியில் ஊற்றி முதலில் அவளுக்குக் கொடுத்தார். குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தானும் வரட்டுமா என்று கேட்டார். வாங்கோ என்றாள். கோபம் குறையவில்லை. போய்ச் சேர வேண்டிய இடம் தகப்பன் இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டது.

பின்னேரம் அவள் வீட்டுக்கு வரும்போது வாசலில் பேதுரு இருந்தார். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் செபமாலை. காலடியில் ஒரு முழப் பாரை மீன். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு தங்கப்பல் மின்னும். அவர் எப்போதும் சிரிக்கிற ஆள். கரையில் அவருடைய பல்லைக் கண்டால்தான் கூலி வருகிறது என்று அர்த்தம். ஆகவே அந்தப் பல்லோடு ஒருவரும் கோபிப்பதில்லை.

"வா பிள்ளை," என்றார், தன் வீட்டுக்கு அவள் வந்ததுபோல. "புத்தகம் வாசிச்சனான். கண் கலங்கிப்போச்சு. ஆரையும் குறை சொல்லாம எழுதியிருக்கிறாய். அதுதான் பண்பு. என்ன மருமோன், புத்தகத்தில எல்லாம் வந்திட்டாய். என்னைத்தான் ஒருத்தரும் போடேல்லை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"உங்களையும் போட்டனான் மாமா," என்றாள் பிரேமிளா. "எடுத்துப்போட்டாங்கள்."

சிரிப்பு ஒரு கணம் நின்று, பிறகு அந்த இடத்திலேயே தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தான் இரண்டு வார்த்தை பேசப்போவதாகவும், றொசாந்தன் முன்வரிசையில் இருக்கவேண்டும் என்றும், பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக இருக்கும் என்றும் சொன்னார். புது நண்டு வலை ஒன்று கிழிந்து கிடக்கிறது, திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்றார். அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கை திரும்புகிற வரைக்கும் பிரேமிளா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாரையை வாலில் பிடித்துத் தூக்கினாள்.

"நாய்க்குப் போடப்போறன்."

"மீன் என்ன செய்தது?" என்றான் றொசாந்தன்.

"இதுக்குப் பிறகும் அந்தாளின்ர மீனைத் தின்னச் சொல்லுறியளோ?"

"அந்தாளின்ர வலையைத்தான் பொத்துறன். அந்தாளின்ர மீனைத்தான் இவ்வளவு நாளும் திண்டனாங்கள். இண்டைக்குத்தான் மணக்குதோ? வெட்டு."

வெட்டினாள். மீனுக்கு வலிக்கட்டும் என்பதுபோல வெட்டினாள். தலையைப் புளிவிட்டு ஆணமாக்கி, துண்டுகளைப் பொரித்தாள். புட்டோடு மூன்று பேரும் இருந்து சாப்பிட்டார்கள். ஜெசிக்கா தகப்பனின் தட்டைப் பார்த்தபடி, பேதுருவின் வீட்டில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் தன்னை இப்போதே அட்டை கடித்தவரின் மகள் என்று பகிடி பண்ணுகிறார்கள் என்றாள். அப்படி ஒரு அட்டை கடலில் இல்லை என்று தான் சொன்னதாகவும், புத்தகத்தில் இருக்கிறதே என்று அவர்கள் சொன்னதாகவும் சொன்னாள். உன் அம்மாதானே எழுதினவ என்றார்களாம்.

றொசாந்தன் புட்டைக் குழைத்த கையை எடுக்கவில்லை.

"ஆசுபத்திரியில கேட்டவங்கள், ஆர் உன்னைத் திரும்பத் திரும்ப இறக்கினது எண்டு," என்றான். "மாமா வெளியில நிண்டவர். அவங்கள் உள்ள வரமுதல் எனக்குச் சொல்லி விட்டவர், நீயாத்தான் இறங்கினனீ எண்டு சொல்லு, மிச்சத்தை நான் பாக்கிறன் எண்டு. சொன்னன். நானாத்தான் இறங்கினனான் எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு நான் உள்ளதைச் சொன்னது உனக்கு மட்டுந்தான், நீ கதை எழுதேக்க. பிள்ளையளுக்கெண்டு எழுதுறாய் எண்டபடியாத்தான் சொன்னனான்."

பிரேமிளாவுக்கு இது தெரியாது. கால் போன நாளைத்தான் அவன் சொல்லியிருந்தான். ஆசுபத்திரியை அவன் சொன்னதில்லை.

"ஒருக்காச் சொன்ன பொய், நான் செத்தாப் போயிடும்," என்றான். "இது புத்தகம். நான் செத்த பிறகும் பள்ளிக்கூடத்தில கிடக்கும்."

தான் வெளியீட்டுக்குப் போகப் போவதில்லை, மேடையில் ஏறப் போவதுமில்லை என்றாள் அவள். போகாவிட்டாலும் புத்தகத்தைக் கொடுப்பார்கள் என்றான் அவன். அது சரிதான். சுதர்ஷினியும் அதைத்தான் பணிவாகச் சொல்லியிருந்தாள்.

"போவம்," என்றான். "என்னையும் கொண்டு போ."

கால் போனதில் இருந்து அவன் கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போனதில்லை. பூசைக்குக்கூடப் போனதில்லை, பங்குச் சாமிதான் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுப்பார்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் அப்படியே பங்கு மண்டபத்துக்குத் திரும்பியது. சக்கரக் கதிரை மணலில் புதையும். சின்னராசா வெளுத்த சாரமும் சேட்டுமாய் வந்து பின்னால் பிடித்துத் தள்ளினார். பிரேமிளா முன்னால் பிடித்துத் தூக்கினாள். வழியில் இரண்டு பெடியன்கள் உதவிக்கு வந்தார்கள். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பதாகை. அதில் அதே அட்டை, பல்லெல்லாம் தெரிய. சின்னராசா அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கதிரையைத் தள்ளினார். பின்னால் பெரிய அண்டாவில் சோறு கொதித்தது. கோழிக்கறி வாசம் மண்டபம் முழுக்க நின்றது.

சுதர்ஷினி நேரில் இன்னும் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். கழுத்தில் பெயரட்டை தொங்க ஓடிவந்து பிரேமிளாவின் கையைப் பிடித்தாள். தப்பு ஏதும் நடந்திருந்தால் அடுத்த பதிப்பில் பார்ப்போம் அக்கா, இண்டைக்கு மட்டும் சமாளியுங்கோ என்றாள். அடுத்த பதிப்பு எப்போது என்று பிரேமிளா கேட்டாள். நிதி வந்தால் என்றாள் அவள். கெட்ட பிள்ளை இல்லை. சம்மாட்டியையும் அட்டையையும் அவள் வாழ்நாளில் கண்டதில்லை. கண்டிருந்தால் எடுத்திருக்க மாட்டாள் என்றும் சொல்வதற்கில்லை.

பாலர் பாடசாலைப் பிள்ளைகளும் பெரிய பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்புகளும் முன்னால் பாயில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு புத்தகமும் ஒரு கலர்ப் பெட்டியும் கொடுத்தார்கள். கலர்ப் பெட்டியும் பேதுருவின் உபயம். அதற்குப் பின்னால் தாய்மார். சுவரோரமாக ஆம்பிளைகள் நின்றார்கள். அதில் பாதிப்பேர் அட்டைக்கு இறங்கினவர்கள், மற்றப் பாதி இன்னும் இறங்குகிறவர்கள். பேதுரு எழுந்து மைக்கைப் பிடித்தார். பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார், படிக்கச் சொன்னார், தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியச் சொன்னார். பிறகு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"கடல் எங்களுக்குச் சோறு போடும் பிள்ளையள். ஆனா கடலுக்குள்ள பொல்லாத சாமானும் இருக்கு. இஞ்ச முன்னால இருக்கிறார் பாருங்கோ, என்ர மருமோன். என்ர சொந்தப் பிள்ளை மாதிரி. இவருக்கு இந்தக் கோலம் ஆரால வந்தது? ஒரு மனிசராலயும் இல்லை. இந்த அட்டை கடிச்சு வந்தது."

சுவரோரம் ஒருவர் செருமினார். கடலுக்குப் போகிற அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு அவருடைய படகில்தான் ஏறவேண்டும். பிரேமிளாவுக்கு அந்தப் பொய்யைவிட அந்தக் கட்டின கைகள்தான் பொறுக்க முடியாதவையாக இருந்தன. எழும்பப் போனாள். அதற்குள் றொசாந்தன் பேசினான். மைக் இல்லை, உரத்தும் பேசவில்லை. சாப்பாட்டுக்கு உப்புக் காணாது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னான்.

"அட்டைக்குப் பல்லில்லை மாமா."

பேதுரு சிரித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார், பகிடி என்று நினைத்து.

"இன்னுமொருக்கா இறங்கு எண்டு சொன்ன வாய்க்குத்தான் பல்லு இருந்தது."

பாயில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேதுருவின் வாயைப் பார்த்தார்கள். பெரியவர்கள் பார்ப்பதுபோல ஒளித்துப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி நேராகப் பார்த்தார்கள். அந்த வாய் சிரித்தபடி இருந்தது. தங்கப்பல் வெளிச்சத்தில் மின்னியது. அவர் மெதுவாக உதட்டை மூடினார். ஜெசிக்கா பாயில் இருந்தபடியே, தாயோடு கதை சொல்கிற பழக்கத்தில், "இன்னுமொருக்கா" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு பாய் முழுக்கச் சிரித்தது.

சுதர்ஷினி ஓடிவந்து, இனிப் பிள்ளைகளின் பாட்டு என்றாள். பாட்டுப் போட்டார்கள். சோறு பரிமாறினார்கள். பேதுரு சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. அவர் போன பிறகு சுவரோரம் நின்றவர்களில் சிலர் வந்து றொசாந்தனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னராசா ஒரு தட்டில் சோறு வாங்கிவந்து மருமகனிடம் கொடுத்துவிட்டு, கதிரைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்து சாப்பிட்டார்.

"நல்லாச் சொன்னீங்க மருமகனே," என்றார். "என் அட்டையும் தப்பிச்சுச்சு."

திங்கட்கிழமை நண்டு வலை வரவில்லை. பேதுருவின் ஆள் ஒருவன் வந்து பொத்தி முடியாத பழைய வலையையும் கேட்டான். றொசாந்தனே கதிரைக் காலில் இருந்து முடிச்சை அவிழ்த்து, சுருட்டிக் கொடுத்தான். அன்று முழுவதும் வெறுங்கையோடு வாசலில் இருந்தான். சின்னராசா சைக்கிளில் அரிசி கொண்டுவந்து வைத்தார். இனி எப்படி என்று ஒருவரும் பேசவில்லை. யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை சுதர்ஷினி போன் எடுத்தாள். ஊரில் இருந்து ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, மேலிடம் புத்தகத்தை மீளப்பெறச் சொல்கிறது, அக்கா ரீச்சர்தானே, பிள்ளைகளிடம் இருந்து நைசாக வாங்கிக் கட்டிவைக்க முடியுமா என்று கேட்டாள். நான் எழுதினதை எடுத்துப்போடேக்க ஒரு முறைப்பாடும் வரேல்லையோ என்று பிரேமிளா கேட்டாள். ஆனாலும் அந்தப் பொய் கரையில் ஒரு வீட்டிலும் கிடக்கக்கூடாது என்றுதான் அவளும் இருந்தாள். சரி என்றாள்.

மறுநாள் காலை, பாலர் பாடசாலையில் பாட்டு முடிந்ததும், எல்லோரும் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கோ என்றாள். கொண்டுவந்தார்கள். மேலே இருந்ததைக் கட்டுவதற்காக எடுத்தாள்.

அட்டையின் வாய்க்குள் இருந்த பல்லையெல்லாம் யாரோ கறுப்பால் அழுத்தித் தேய்த்து மூடியிருந்தார்கள். ஒன்றை மட்டும் விட்டிருந்தார்கள். அதற்கு மஞ்சள் தீட்டியிருந்தார்கள்.

இரண்டாவதை எடுத்தாள். அதிலும் அப்படித்தான். மூன்றாவதில் கழுத்தில் செபமாலையும் இருந்தது. ஒன்றில் அட்டைக்கு வெள்ளைச் சேட்டுப் போட இடம் காணாமல் கடல் முழுக்க வெள்ளை அடித்திருந்தது. எழுதத் தெரிந்த அக்காமார் உள்ள வீட்டுப் பிள்ளைகளின் புத்தகத்தில், அட்டையின் வாயில் இருந்து ஒரு கோடு போட்டு, கோணல் எழுத்தில் 'இன்னுமொருக்கா' என்று எழுதியிருந்தது. ஜெசிக்காவிடம் கேட்கத் தேவையில்லை. அவள் படிக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் தொடங்கித் தம்பி தங்கச்சிமாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிரேமிளா கட்டுவதற்கு எடுத்த கயிற்றை மேசைக்குள் போட்டாள். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் நின்ற சின்னவள் ஒருத்தி புத்தகத்தை வாங்காமல் தன் கலர்ப் பெட்டியைத் திறந்து காட்டினாள். தன்னுடையது இன்னும் முடியவில்லை, மஞ்சள் முடிந்துவிட்டது என்றாள். பிரேமிளா மற்றப் பெட்டிகளையும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் மஞ்சள்தான் நகத்தளவுக்குத் தேய்ந்து கிடந்தது.

மத்தியானம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வெயிலில் சந்திக் கடைக்குப் போய், மஞ்சள் மட்டும் தனியாகத் தருவீங்களோ என்று கேட்டாள்.